நிவாரணப் பணியாளர் மனநலமும் தலைமையின் கடமையும்

2006 ஆகஸ்டு 4 அன்று இலங்கையின் மூதூரில், போரினாலும் ஆழிப்பேரலையாலும் நலிந்த மக்களுக்குத் துணை செய்துவந்த பிரெஞ்சு நிவாரண நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர் 17 பேர், தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டோருக்கு நீதி வேண்டுமென்ற குரல் பல திசைகளிலும் எழுந்தது, எழவேண்டியதே. ஆயினும் இத்தகைய பேரிழப்புகளுக்குப் பின், அதே சேவையில் எஞ்சியிருக்கும் சகாக்களின் மனத்தைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி போதிய கவனம் பெறுவதில்லையாதலின், அதனைக் குறித்து எமது நிலையைத் தெளிவாக அறிவிப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

இடருற்றோருக்குத் தொண்டு செய்பவரின் மனம் தளர்வது அவருடைய சொந்தப் பலவீனமென்றும், அதைத் தீர்த்துக்கொள்வது அவருடைய சொந்த விவகாரமென்றும் நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. அவரைக் களத்துக்கு அனுப்பிய தலைமையே அவருடைய மனநலத்துக்கு முதற் பொறுப்பாளி.

இப்பொறுப்பு உள்ளூர்ப் பணியாளர் விடயத்தில் இன்னும் கனமானது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தவணை முடிந்ததும் திரும்பிச் செல்ல அமைதியான ஓர் இல்லம் உண்டு. உள்ளூர்ப் பணியாளரோ, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் பலருக்கு நேர்ந்ததுபோல, தம் உறவினரை அடக்கம் செய்த கையோடு அயலாரின் பெயர்களை நிவாரணப் பதிவேட்டில் எழுத உட்காருகிறார். மாலையில் அவர் இளைப்பாறச் செல்லும் வீடும் இடிந்த வீடே.

மனிதாபிமான உதவி அமைப்புகளை ஒருங்கிணைக்கும் நிறுவனங்களிடை நிலைக்குழு (IASC) 2007இல் வெளியிட்ட மனநல வழிகாட்டு நெறிகள், கோர சம்பவமொன்றில் உயிர்தப்பிய பணியாளர் அனைவரையும், சாரதி, மொழிபெயர்ப்பாளர், தொண்டர் உட்பட, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மனநல நிபுணர் ஒருவர் தொடர்புகொள்ள வேண்டுமென விதிக்கின்றன. அந்த வரிசையில் சாரதியும் இடம்பெற்றிருப்பதை நாம் விசேஷமாகப் போற்றுகிறோம். காயமுற்றோரையும் சடலங்களையும் ஏற்றிவருபவர் பெரும்பாலும் அவரே, எனினும் அலுவலகக் கூட்டங்களில் அவருடைய சுகத்தை விசாரிப்பார் அரியர்.

காருண்யமுள்ள தலைவர், தாமே உரிய காலத்தில் விடுமுறையில் சென்று, பிறரும் கூச்சமின்றி ஓய்வு கொள்ள வழி திறப்பார். களைத்துவிட்டேன் என்று ஒருவர் நம்பிச் சொன்னதை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில் அவருக்கு எதிரான குறையாகக் கொள்ளமாட்டார். கண்ட கொடுமைகளை உடனே விவரிக்குமாறு எவரையும் வற்புறுத்தாமல், பேச விரும்பும்போது கேட்பதற்கு அருகிலிருப்பார். இக்குணங்களைத் தலைமைப் பதவிக்கான தகுதிகளாகவே கொள்ளவேண்டும்.

நிதி வழங்குவோருக்கு எமது வேண்டுகோள் இது: ஓய்வுக்கும் மனநல ஆலோசனைக்கும் ஆகும் தொகையை வீண் நிர்வாகச் செலவென்று வெட்டிவிடாமல், திட்டச் செலவின் அங்கமாக, உள்ளூர்ப் பணியாளருக்கும் வெளிநாட்டவருக்கும் பேதமின்றி அனுமதியுங்கள்.