உளச்சிகிச்சையாளர் எந்த மொழியில் கேட்கிறார்?

2024 ஏப்ரலில் மறைந்த உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கரின் கல்விப் பின்னணி எந்த ஒழுங்குக்குள்ளும் அடங்காதது. குஜராத் பல்கலைக்கழகத்தில் பொறியியல், ஜெர்மனியின் மன்ஹைமில் வணிகப் பொருளியல், வியன்னாவில் பொருளியல் முனைவர் பட்டம். அகமதாபாத்தில் எரிக் எரிக்சனைச் சந்தித்த பின்னரே அவர் உளவியலின் பக்கம் திரும்பினார். ஃபிராங்க்ஃபர்ட்டிலுள்ள சிக்மண்ட் ஃபிராய்ட் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, 1975இல் தில்லியில் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். இன்றைய வழக்கில் இதனைப் ‘பன்முகப் பண்பாட்டு அனுபவம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவர். ஆனால் பட்டங்களின் பட்டியலோ நகரங்களின் பட்டியலோ அவரைப் பன்முகப் பண்பாட்டுச் சிகிச்சையாளர் ஆக்கிவிடவில்லை.

உளப்பகுப்பாய்வு கற்பவர் முதலில் தாமே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். கக்கருக்கு அது ஒரு ஜெர்மானியரிடம், ஜெர்மன் மொழியில் நிகழ்ந்தது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த ஒரு பஞ்சாபி இளைஞர், பூவா, மாசி, சாச்சி, தாயி, மாமி என வெவ்வேறு உரிமைகளும் பகைகளும் கொண்ட உறவுகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் பேசப் புகுந்தால், அனைவரும் ‘டான்டே’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். தமக்கும் தம் பகுப்பாய்வாளருக்கும் இடையே இருந்த பண்பாட்டு இடைவெளியைப் பற்றிக் கக்கர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். தம் கருவியை ஐயுறக் கற்றதுதான் அவர் பெற்ற உண்மையான பயிற்சி. தர்காவின் பீரையும், பாலாஜி கோயிலில் பேயோட்டப்படுபவர்களையும், திபெத்திய மருத்துவரையும் தேடிச்சென்று அவர் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. அவர்களை ஏளனம் செய்யவும் இல்லை, போற்றித் துதிக்கவும் இல்லை. துன்பம் அங்கே எந்தச் சொற்களில் பேசுகிறது என்று செவிமடுத்தார்.

இந்தியாவில் உளச்சிகிச்சைக் கல்வி இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. நோய்களின் பெயர்களும் ஆங்கிலத்தில் வருகின்றன. துன்பம் மட்டும் ஆங்கிலத்தில் வருவதில்லை. பஞ்சாபியில் இதயம் அமிழ்கிறது. தமிழில் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு அடைக்கிறது. இவற்றை உடல் நோய் என்று கொண்டால் ஒரு பிழை. ‘மனச்சோர்வு’ என்று உடனே பெயர்த்துவிட்டால் மற்றொரு பிழை.

சொற்களைவிட நுட்பமானவை இலக்கணக் குறிகள். கணவரை ‘அவர்’, ‘அவர்’ என்றே முப்பது நிமிடம் பேசிவந்த ஒரு பெண், ஒரே ஒரு வாக்கியத்தில் ‘அவன்’ என்று சொல்லி, அடுத்த வாக்கியத்தில் மீண்டும் ‘அவர்’ என்கிறாள் என்று கொள்வோம். அந்த அமர்வின் மையம் அந்த ஒரு விகுதியில் இருக்கக்கூடும். இந்தியின் ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ ஆகியவற்றிலும் இத்தகைய நகர்வுகள் உண்டு. ஆங்கிலக் குறிப்பேட்டில் இவையெல்லாம் தடயமின்றி மறைகின்றன.

மொழி தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்பவர் யார் என்பது இன்னும் கடுமையான வினா. பிற மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலும் கணவரோ மாமியாரோ மகனோதான் உடன்வந்து மொழிபெயர்க்கின்றனர். எவரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் வாய்வழியாகவே பேச வேண்டிய நிலையில் ஒருவர் எதனைச் சொல்வார்? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குரிய தகவல்கள் அவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. மருத்துவர் சொல்வது நோயாளிக்குப் புரிய வேண்டும் என்பது உரிமையானால், நோயாளி சொல்வது மருத்துவருக்குப் புரிய வேண்டும் என்பதும் உரிமையன்றோ? 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 20 மொழிகளில் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். தொலைபேசியில் இயன்ற ஒன்று நேர்முகச் சிகிச்சையில் இயலாதது என்று கூறுவதற்கில்லை.

இதனைத் தாய்மொழிப் பற்றாகச் சுருக்கிக்கொள்ளலாகாது. தாய்மொழியில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் செய்திகளை ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்லிவிடுவோர் பலர். பின்னர்க் கற்ற மொழி தரும் உணர்ச்சித் தொலைவு சிலருக்குக் கேடயமாகிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒருவர் தம் மொழி பேசும் சிகிச்சையாளரைத் தவிர்க்க விரும்பலாம். ஊரும் உறவும் அந்த மொழியோடு அறைக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. எனவே எந்த மொழி என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். அமர்வின் நடுவில் அவர் மொழி மாறினால், ஏன் மாறினார் என்று கவனிக்கும் செவி சிகிச்சையாளருக்கு வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிகிச்சையாளரின் பெயர்ப்பலகையில் பட்டங்களுக்குக் கீழே அவர் சிகிச்சை அளிக்கவல்ல மொழிகளும் இடம்பெறட்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அமர்வு நடத்துவது பயிற்சிக் காலத்திலேயே கற்பிக்கப்படட்டும். அரசு மருத்துவமனைகளில் உறவினருக்கு மாற்றாக, இரகசியம் காக்கும் பொறுப்பேற்ற, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் அமரட்டும். குடல்நோய்க்கும் எலும்பு முறிவுக்கும் மொழி ஒரு வசதி மட்டுமே. உளச்சிகிச்சையில் மருந்தும் கத்தியும் சோதனைக்கூடமும் மொழியேதான். அக்கருவியில் சிகிச்சையாளருக்குள்ள தேர்ச்சியைக் கேட்டறிவது, உதவி நாடி வருபவர் எழுப்ப வேண்டிய முதல் வினா.