கிணறு தூர்க்கும் களிமண்

கிணறு தோண்டுதற்கு நாட்பார்க்கும் நம்மவர், அதனைத் தூர்ப்பதற்கு நாட்பார்ப்பதில்லை. 2011ஆம் ஆண்டில் கெயான் லங்கா நிறுவனம் யப்பானின் ‘சிக்யூ’ என்னும் கப்பலைக் கொணர்ந்து, 1,300 மீற்றருக்கு மேற்பட்ட நீராழத்தில் மன்னார்க் கடலடியைத் துளைத்தது. தொறாடோ, பரக்குடா என்று பெயரிட்ட கிணறுகளில் எரிவாயு கண்டபோது நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. 2015இல் அந்நிறுவனம் உரிமத்தைக் கைவிட்டுச் சென்றது. கிணறுகளை எப்பொருள் கொண்டு, எவ்வளவு ஆழத்துக்கு அடைத்தனர் என்று வினவினார் மிகச் சிலரே. அதற்கும் முன்னரே, 1970களில், சோவியத்து நிபுணர் துணையுடன் பேசாலையிலும் எண்ணெய் தேடித் துளைத்தனர். அங்கு வணிகத்துக்கேற்ற எண்ணெய் கிட்டவில்லை.

அரிப்புக் கரையில் நின்று இதனை எண்ணுதல் பொருத்தமே. அல்லிராணி கோட்டை என ஊரார் வழங்கும் கட்டடம், உண்மையில் தேசாதிபதி நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகை. கடல் அரித்து அரித்து, இன்று சில சுவர்களே எஞ்சின. ஊர்ப்பெயர் இவ்வரிப்பால் வந்ததோ, முத்துக்காக மணல் அரித்தமையால் வந்ததோ, அவ்வழக்கை யான் இங்குத் தீர்க்கப் புகவில்லை. கண்முன் நிற்கும் சுவருக்கே இக்கதியெனின், கண்ணுக்குத் தெரியாத இரும்புக் குழாயின் கதி யாது?

நிலத்தடியில் நன்னீர் ஒரு படையிலும், உவர்நீர் வேறொரு படையிலும், வாயு அதற்குங் கீழும் தனித்தனியே கிடக்கின்றன. ஆழ்துளை இவற்றை ஊடறுத்துச் செல்கின்றது. குழாய் துருப்பிடித்து அடைப்பும் பழுதுற்றால், கீழுள்ளது மேலேறும். உவர் நன்னீரிற் கலக்கும். உவர்நீரின் மேல் மெல்லியதாய் மிதக்கும் நன்னீரை நம்பி வாழும் மன்னார்த் தீவுக்கு இது சிறு விடயமன்று.

உலகெங்கும் பெரும்பாலும் சீமெந்தாலேயே இத்தகைய கிணறுகளை அடைப்பர். சீமெந்து வலிது, ஆயினும் இறுகுங்கால் சுருங்கவும், பின்னர் வெடிக்கவும் கூடும். வெடித்தபின் தானாகப் பொருந்தாது. ஆதலால், எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றிய பென்டோனைற்று என்னும் களிமண்ணை அறிஞர் நாடினர். அதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புக, மண் பன்மடங்கு பொங்கித் துளையின் சுவரோடு இறுகப் பொருந்தும். நிலம் அசைந்தாலும் மீண்டும் பொங்கி விரிசலை மூடும். கலிபோர்ணியாவில் செவ்றன் நிறுவனம் பழைய எண்ணெய்க் கிணறுகளை இக்களிக்கட்டிகளை இட்டு மூடியுள்ளது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நிலக்கரிப் படை வாயுக் கிணறுகளுக்கு இதனை ஆராய்ந்துள்ளனர்.

இதனைப் படித்தபோது எனக்கு முருங்கன் நினைவே வந்தது. மாரியிற் பொங்கி வண்டிச் சில்லைப் பற்றிக்கொள்ளும் அக்கரிய மண், கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும். பென்டோனைற்றுக்கு அக்குணத்தைத் தரும் மொன்மொரிலோனைற்றுக் கனியமே முருங்கன் களியிலும் உண்டு. ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இம்மண் சென்றது என்பது வேடிக்கையான பொருத்தம்!

எனினும் மண்பற்று மிகுந்து அறிவை மறைத்தலாகாது. உப்புநீரில் இக்களி நன்னீரிற்போலப் பொங்குவதில்லை, உலர்ந்தாலோ சுருங்கும். ஆழ்கடலின் பெரும் அழுத்தத்துக்குச் சீமெந்தே முதற்காவல். கரையிலுள்ள ஆழங்குறைந்த துளைகளுக்கே களியை, வேண்டுமிடத்துச் சீமெந்தோடு சேர்த்து, முதலிற் சோதித்தல் தகும். முருங்கன் மண் அதற்கு எவ்வளவு தகுதியுடையதென்பதை எமது பல்கலைக்கழக மாணவரே அளந்து கூறலாம்.

2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளச் சட்டத்தால் இதற்கென அதிகாரசபை ஒன்று அமைந்துள்ளது. இனி எவருக்கேனும் மன்னார்க் கடலைத் துளைக்க உரிமம் வழங்குமுன், தூர்க்கும் முறையையும் அதற்கான பணத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவிக்க வேண்டும். பேசாலைக் கிணறுகள் முதலாக மூடிய கிணறுகள் அனைத்தின் விபரத்தையும் தமிழில் அச்சிட்டு, சிலாவத்துறையிலும் பேசாலையிலும் மீனவர் படிக்கத்தக்கவாறு ஒட்டுவித்தல் வேண்டும்.