ரெய்டு ஆட எந்த கேம்? பாஸைப் பார்க்காதீங்க, முதல்ல காலண்டரைப் பாருங்க!

கல்லூரியில் ஒரே ஹாஸ்டல். இப்போது இரண்டு பேர் சென்னையில், மூன்று பேர் பெங்களூருவில், ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில். பிஜிஎம்ஐ அலுத்துவிட்டது. "மச்சி, எல்லாரும் சேர்ந்து பெருசா ஏதாவது ஆடலாம்டா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் பற்றவைக்கிறார். அடுத்த நிமிடமே யூடியூப் லிங்குகள் குவிகின்றன. எந்த கேமில் கிராபிக்ஸ் நல்லா இருக்கு, எதில் டிராகன் பெரிசு என்று வாக்கெடுப்பு நடக்கிறது. ஒரு கேமை வாங்குகிறார்கள். மூன்றாவது வாரம் ஆன்லைனில் இருப்பது இரண்டே பேர்.

இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் கேம் காரணமில்லை. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் உறுதியாக வருவீர்கள் என்ற கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. சேர்ந்து ரெய்டு ஆடுவதுதான் நோக்கம் என்றால், கேமைத் தேர்வு செய்ய வேண்டியது இந்த மூன்று பதில்களும் வந்த பிறகுதான்.

ரெய்டு என்றால் என்ன?

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களில் கதை முடிந்து, கேரக்டர் உச்ச லெவலைத் தொட்ட பிறகு தொடங்கும் பகுதிதான் எண்ட்கேம். அதன் சிகரம் ரெய்டு. 8, 10, 20 பேர் கொண்ட அணி ஒன்று சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்த வேண்டும். அடியைத் தாங்குபவர் டேங்க், காயம் ஆற்றுபவர் ஹீலர், மற்றவர்கள் தாக்குபவர்கள். பாஸ் எந்த நொடியில் என்ன செய்யும், அப்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை அணியே மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருவர் தவறான இடத்தில் நின்றால் மொத்த அணியும் காலி. இதைத்தான் 'வைப்' என்கிறார்கள். கடினமான பாஸ் என்றால் நூறு வைப்புக்கு மேல் போவது சகஜம்.

பிஜிஎம்ஐயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே நாலு பேர், அரை மணி நேரம், ஆட்டம் முடிந்தது. இன்று வராதவர் நாளை வரலாம். ரெய்டில் ஹீலர் வரவில்லையென்றால் மீதி ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதோடு, பரிசுப் பொருட்களுக்கு வாரக் கணக்கு உண்டு. ஒரு பாஸிடம் இந்த வாரம் பரிசு வாங்கிவிட்டால் அடுத்தது அடுத்த வாரம்தான். ஆக, ரெய்டு என்பது வாராவாரம் தவறாமல் வர வேண்டிய ஒரு அப்பாயின்ட்மென்ட். 'ரோஸ்டர் பாஸ்' என்று ரெய்டு ஆடுகிறவர்களிடையே ஒரு கிண்டல் வார்த்தை இருக்கிறது. ஆள் சேர்ப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பாஸ் என்று அர்த்தம்.

முழு அணி இருக்கா, இல்லையா?

தேர்வு பிரிவது இந்த இடத்தில்தான்.

உங்களிடம் முழு அணியும் இருந்தால் வெளியாள் தேவையில்லை. சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் நீங்கள் நிர்ணயித்ததுதான் நேரம். பார்க்க வேண்டியது பிங் மட்டுமே. ஆனால் இரண்டு பேர் குறைந்தால், அந்த இருவரை முன்பின் தெரியாதவர்களிடமிருந்து எடுக்க வேண்டும். உங்கள் நேரத்தில் அவர்கள் விழித்திருக்க வேண்டுமே!

ஐரோப்பிய சர்வர்களில் கூட்டம் கூடுவது அங்கே இரவு 8 மணி வாக்கில். ஜெர்மனி நேரப்படி கணக்கிட்டால் கோடைக்காலத்தில் அது நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு அதிகாலை 5.30 அல்லது 6.30. ஜப்பானில் இரவு 8 என்றால் நமக்கு மாலை 4.30. அந்த நேரத்தில் நீங்கள் ஏதாவது ஒரு மீட்டிங்கில் இருப்பீர்கள். ஆனால் ஜப்பானில் இரவு 11 மணிக்கும் ஆடுகிறவர்கள் உண்டு, அது நமக்கு மாலை 7.30. நம் ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு ஆள் தேட வேண்டுமென்றால் ஒன்று ஜப்பானியர்களின் பின்னிரவு, இல்லையென்றால் ஐரோப்பியர்களின் முன்மாலை. காலை 9.30க்கு ஸ்டாண்ட்-அப் கால் உள்ளவர், நள்ளிரவில் தொடங்கும் ரெய்டில் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பார் என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

சொந்த அணிக்குள்ளும் இந்தக் கணக்கு வரும். நமக்கு இரவு 9.30 என்றால் சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்கு நள்ளிரவு 12. துபாயில் இருப்பவருக்கு இரவு 8. முதலில் சலிப்பது யார் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

பிங் விஷயம்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் ஒவ்வொரு 100 கிலோமீட்டர் தூரத்துக்கும் போய்வர 1 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கி.மீ., அதாவது குறைந்தபட்சம் 29 மில்லிசெகண்ட். டோக்கியோவுக்கு 64, ஃபிராங்ஃபர்ட்டுக்கு 76, அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சுமார் 140. இது நேர்கோட்டுக் கணக்கு. கடலடி கேபிள் வளைந்துதான் போகும், நடுவில் பல கைகள் மாறும். அதனால் உண்மையில் இதைவிட அதிகமாகவே வரும். எந்த பிராட்பேண்ட் கம்பெனி என்ன விளம்பரம் கொடுத்தாலும் ஒளியின் வேகத்தை மிஞ்ச முடியாது.

ஆனால் எல்லா கேமையும் பிங் ஒரே மாதிரி பாதிக்காது. ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஒரு முக்கியத் தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் அடிப்படை இடைவெளி 2.5 நொடி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில், அதாவது வாவ்-இல், 1.5 நொடி. அடுத்த பட்டனைக் கொஞ்சம் முன்பாகவே அழுத்தி வரிசையில் நிறுத்தவும் முடியும். இவை தாமதத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கில்டு வார்ஸ் 2-இல் உருண்டு தப்பிப்பதுதான் உயிர். ஒரு உருளல் உங்களைக் காப்பது முக்கால் நொடி மட்டுமே. பிங் 200 இருந்தால் திரையில் அடி விழுவதைப் பார்த்த பிறகு அழுத்துவது வேலைக்கு ஆகாது. முன்கூட்டியே அழுத்தப் பழக வேண்டும். பழகிவிடலாம், ஆனால் முதல் மாதம் கடுப்பாக இருக்கும்.

சரி, எந்த கேம்?

2004 நவம்பரில் வந்த வாவ் இன்றும் ரெய்டின் தாய்வீடு. ஆரம்பத்தில் 40 பேர் கூட வேண்டியிருந்தது. இப்போது நார்மல், ஹீரோயிக் என்ற இரண்டு நிலைகளில் 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் பாஸின் பலம் அதற்கேற்ப மாறும். இந்த வாரம் 11, அடுத்த வாரம் 14 என்றாலும் பிரச்சினை இல்லை. ஆள் எண்ணிக்கை ஏறி இறங்கும் நண்பர் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. உச்ச நிலையான மித்திக்குக்கு மட்டும் சரியாக 20 பேர் வேண்டும். ஆபீஸ் போகிறவர்கள் அதை மறந்துவிடுவது நல்லது என்பது நமது அபிப்பிராயம். மாதச் சந்தா அமெரிக்க விலையில் 14.99 டாலர், நம் பணத்தில் 1,200 ரூபாய்க்கு மேல். சில மாதங்களுக்கு ஒருமுறை புது சீசன் வரும், நீங்கள் வியர்வை சிந்திச் சேர்த்த ஆயுதங்கள் பழசாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: ஐரோப்பியப் பிராந்தியத்தில் ஆடுபவரும் அமெரிக்கப் பிராந்தியத்தில் ஆடுபவரும் ஒன்றாக ரெய்டு போக முடியாது. ஆஸ்திரேலிய சர்வர்கள் அமெரிக்கப் பிராந்தியத்தில்தான் சேரும். நண்பர்களில் பாதிப் பேர் அவசரப்பட்டு வேறு பிராந்தியத்தில் பணம் கட்டிவிட்டால் தலைவலிதான்.

ஃபைனல் ஃபேண்டஸி 14 இதற்கு நேர் எதிர். 2010இல் வந்து படுதோல்வி அடைந்து, 2013இல் புதிதாகக் கட்டப்பட்டு மறுபிறவி எடுத்த கேம். கடினமான 'சாவேஜ்' ரெய்டுக்குச் சரியாக 8 பேர்: இரண்டு டேங்க், இரண்டு ஹீலர், நான்கு தாக்குபவர்கள். ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. புது ரெய்டின் ஆரம்ப மாதங்களில் அணியில் யாராவது அந்த வாரம் வேறு குழுவோடு போய் பாஸை முடித்துவிட்டால், மற்றவர்களுக்குக் கிடைக்கும் பரிசுப் பெட்டிகளும் குறையும். எட்டுப் பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்ட மாதிரி. ஒழுங்காக வரும் எட்டுப் பேர் உங்களிடம் இருந்தால், என்னைக் கேட்டால் இதைவிட நேர்த்தியான ரெய்டு வேறு கேமில் இல்லை. ஒவ்வொரு பாஸும் பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி, அடவு தப்பக் கூடாது. ஆனால் அதை எட்டுவதற்கு முன் முழுக் கதையையும் முடிக்க வேண்டும், அது நூற்றுக்கணக்கான மணி நேரம். கதையைத் தாண்டிச் செல்ல தனியாகப் பணம் கட்டலாம். கதை நன்றாக இருக்கிறது என்பதால் அப்படிச் செய்யச் சொல்ல மனசு வரவில்லை.

"நம்ம ஆளுங்களை நம்ப முடியாதுப்பா, ரெண்டு மாசம் வருவாங்க, ரிலீஸ் நேரம் வந்தா காணாம போவாங்க" என்கிறீர்களா? உங்களுக்கு கில்டு வார்ஸ் 2. 2012இல் வந்தபோது உச்ச லெவல் 80, இன்றும் அதே 80. அந்த ஆண்டே அறிமுகமான 'அசெண்டட்' ரகத்தின் பலத்தை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் உங்கள் சட்டை அளவு சரியாகவே இருக்கும். மாதச் சந்தா கிடையாது, விரிவாக்கத்தை ஒருமுறை வாங்கினால் போதும். ரெய்டுக்கு 10 பேர். குறை என்னவென்றால், புது ரெய்டு அபூர்வம். 2019இல் ஏழாவது ரெய்டு வந்தது, எட்டாவது வந்தது 2024 நவம்பரில். தினமும் ஆடுகிறவருக்கு இது பஞ்சம். புதிதாக வருபவருக்கோ எட்டும் புதுசுதான்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் இதே குணம்: 12 பேர் ரெய்டு, 2015 முதல் கட்டாயச் சந்தா இல்லை, ஆயுத உச்சமும் பல ஆண்டுகளாக மாறவில்லை. ஆனால் அதன் சண்டை முறை தாமதத்தைக் கொஞ்சமும் பொறுக்காது. நம் பிங்குக்கு முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்றால் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2018 முதல் முழு கேமும் போனில் ஓடுகிறது, அதே கணக்கை கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். பார்க்க 2007ஆம் ஆண்டு மாதிரிதான் இருக்கும், சிரிக்காதீர்கள். சிறு குழுவாகவே ரெய்டு போகலாம் என்பது மூன்று, நான்கு பேர் கொண்ட கூட்டத்துக்கு வரம். ரெய்டுக்குக் கட்டண உறுப்பினராக வேண்டும்.

"கேமுக்குப் பணம் கட்டறது தடைன்னாங்களே?" என்று வீட்டில் கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் குறிவைப்பது, பணத்தைப் பந்தயம் வைத்துப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளை. கேமுக்குள் நுழையச் சந்தா கட்டுவது அதில் வராது.

பணம் கட்டும் முன்

மூன்றிலும் இலவச வாசல் இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸியில் லெவல் 70 வரை நாள் கணக்கில்லாமல் ஆடலாம். வாவ்-இல் லெவல் 20 வரை. கில்டு வார்ஸ் 2-இன் அடிப்படை கேமே இலவசம், ரெய்டு மட்டும் அதில் இல்லை. ஏதாவது ஒன்றை இறக்கி, அடுத்த நான்கு வாரம், ஒரே கிழமை, ஒரே நேரம், இரண்டு மணி நேரம் ஆடிப் பாருங்கள். குரூப்பில் "கண்டிப்பா வரேன் மச்சி" என்று கட்டைவிரல் போட்டவர்களை எண்ணாதீர்கள். நாலு வாரமும் வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள்.

எட்டுப் பேர் தேறினால் ஃபைனல் ஃபேண்டஸி. பத்தைத் தாண்டி ஏறி இறங்கினால் வாவ். ஆறேழு பேர் அவ்வப்போது வந்தால், மீதி ஆளைத் தேடிக்கொள்ளும் துணிச்சலோடு கில்டு வார்ஸ் 2. ஐந்தே பேர்தானா? அப்போது ரெய்டை ஒத்திவைத்து வாவ்-இன் 'மித்திக் பிளஸ்' பக்கம் போகலாம். ஐந்து பேர் ஆடும் டன்ஜன், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஜெயித்தால் அடுத்த நிலை இன்னும் கடினமாகும். சிங்கப்பூர் நண்பரும் பன்னிரண்டு மணிக்கு முன் தூங்கிவிடலாம், நீங்கள் எட்டு மணிக்குத் தொடங்கினால்.