முகவரி வேறு, செய்தி வேறு

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. முதல்நாள் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீகாளஹஸ்தி அன்று முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1995-இல் பிறந்தவர் எந்த மாவட்டத்தில் பிறந்தார்? சித்தூரில். அவருடைய விண்ணப்பம் இன்று எங்கே செல்ல வேண்டும்? திருப்பதிக்கு. முன்னது ஏழாம் வேற்றுமை, பின்னது நான்காம் வேற்றுமை. முன்னது வரலாறு, மாறக்கூடாது. பின்னது முகவரி, மாறியே தீரும்.

உருபு காட்டும் இவ்வேறுபாடு நிரல்களில் எளிதில் தொலைந்துவிடுகிறது. ‘மாவட்டம்’ என்ற ஒரே புலம் பிறந்த இடத்தையும் சொல்லி, செய்தியை அனுப்பும் திசையையும் தீர்மானித்தால், மாவட்டம் பிரியும் நாளில் ஒன்றைத் திருத்த மற்றொன்று பொய்யாகும்.

சோப் நெறிமுறை வலைச்சேவைகளில் இதற்குத் தீர்வு உண்டு. அங்கே ஒவ்வொரு செய்தியும் ஓர் உறை. சொல்லவந்த பொருள் அதன் உடற்பகுதியில் அமையும். வழிநடத்தும் குறிப்புகள் ஹெடர் என்னும் தலைப்பகுதியில் அமையும். 2006 மே 9 அன்று டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியான டபிள்யூஎஸ்-அட்ரசிங் 1.0, முகவரிக் கூறுகளுக்குத் தலைப்பகுதியில் பொதுப்பெயர்கள் தந்தது. ‘டூ’ சேருமிடம், ‘ஃப்ரம்’ நீங்குமிடம், ‘ரிப்ளை-டூ’ மறுமொழி செல்லுமிடம், ‘ஆக்‌ஷன்’ வேண்டப்படும் வினை.

‘யூஆர்எல் இருக்கையில் இவை எதற்கு?’ எனச் சிலர் கேட்பர். ஒரே சேவையகம், உடனடி மறுமொழி என்றால் அக்கேள்வி நியாயமே. இடையே ஒரு நுழைவாயில் வந்துவிட்டால் யூஆர்எல் அந்த நுழைவாயிலை மட்டுமே காட்டும். தபால்பெட்டி இருக்கும் தெரு, கடிதத்தின் முகவரி ஆகாது. மறுமொழி நாளை வருமெனில், அது எங்கே வரவேண்டும் என்பதையும் செய்தியே சுமந்து செல்ல வேண்டும்.

கிளையன்ட் நிரலில் தனி ஹெடர் சேர்ப்போர் மூன்று நெறிகளைப் பேண வேண்டும் என்பது என் கருத்து. பொதுப்பெயர் உள்ள இடத்தில் புதுப்பெயர் படைக்கலாகாது. சேவை தன் முகவரியோடு தந்த குறிப்பு அளவுருக்களை மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். தாமே படைத்த ஹெடரைத் தமக்குரிய பெயர்வெளியில் வைத்து, அது இன்றியமையாததெனில் ‘மஸ்ட்-அண்டர்ஸ்டாண்ட்’ பண்பையும் இட வேண்டும். அப்பண்பு இருந்தால், ஹெடரைப் புரிந்துகொள்ளாத சேவை பிழைச்செய்தி அனுப்பும். இல்லையேல் ஓசையின்றிப் புறக்கணித்துவிடலாம்.

மொழித்தரவு திரட்டுவோர்க்கும் இதில் பங்குண்டு. 2015-இல் ஸ்ரீகாளஹஸ்தியில் பதிவான பேச்சு சித்தூர் மாவட்டப் பேச்சாகவே பதிவேட்டில் நிற்கும். அதைக் காக்கும் சேவையகம் எங்கே இடம்பெயர்ந்தாலும் அக்குறிப்பு மாறலாகாது. தரவகம் முழுவதும் ‘சித்தூர்’ என்பதைத் ‘திருப்பதி’ என மாற்றும் ஒற்றைக் கட்டளை முகவரியைத் திருத்தலாம், சான்றை அழித்துவிடும். அந்தக் கட்டளைக்குத் தேவையே எழாதபடி செய்தியை அமைப்பது, நிரலாளரைப் போலவே ஆய்வாளரின் கடமையுமாகும்.