இளமையில் ஆடிய வீடியோ விளையாட்டுக்கள்

சென்றுபோன இன்பத்தை நினைந்து ஏங்குதல் மக்கட்கு இயல்பு. இவ்வேக்கத்தை மேனாட்டார் 'நாஸ்டால்ஜியா' என்பர். 1688ஆம் ஆண்டில் யோகானஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணாக்கர், பாசல் சர்வகலாசாலையில் அளித்த ஆராய்ச்சியுரையில், வீடு திரும்புதலையும் நோவையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரை ஆக்கினார். தாயகம் பிரிந்தார்க்கு உண்டாகும் பிணியென்றே அவர் இதனைக் கருதினார். பின்னர் அச்சொல் இடத்தை விட்டுக் காலத்தைச் சுட்டுவதாயிற்று. பிரிந்த ஊருக்கு மீளலாம். கழிந்த பத்தாம் பிராயத்திற்கு மீளுமாறு யாங்ஙனம்?

இன்று ஆசிரியராயும் பழைய மாணாக்கராயும் விளங்குவோருள், 1990ஆம் ஆண்டுகளில் சிறுபிராயம் கழித்தோர் பலர். அவருள் இருவர் ஓரிடத்துக் கூடின், பேச்சு எங்குத் தொடங்கினும் 'டி.வி. கேம்' என்பதில் வந்து நிற்பதைப் பலகாற் கேட்டிருக்கின்றோம். இவ்வேக்கம் நகைத்தற்குரியதோ, போற்றற்குரியதோ, அன்றி வேறொரு கடமைக்கு நம்மை அழைப்பதோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலாகத் தோன்றிய நின்டெண்டோ கம்பெனி, 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்னும் யந்திரத்தை விற்பனைக்கு விடுத்தது. நம் நாட்டுச் சிறுவரிற் பெரும்பாலார் கண்டது அம்மூலத்தை அன்று. அதனைப் பார்த்துச் செய்த நகல்களையே. ஆட்டத்தைப் படைத்தோர்க்கு ஒரு காசும் சேராத நகல்கள் அவை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளனவென்று கேசட்டின் முகப்பு முழங்கும். செருகிப் பார்ப்பின் சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். படம் தோன்றாவிடின் கேசட்டை எடுத்து வாயால் ஊதி மீண்டும் செருகுவர். பயன் தந்தது எடுத்துச் செருகுதலே. மூச்சின் ஈரமோ உலோக முனைகளுக்குக் கேடு செய்வது. ஆயினும் அம்மந்திரம் யாரும் கற்பியாமலே ஊர்தோறும் வழங்கியது.

இவ்விளையாட்டுக்களில் இன்றும் நெஞ்சை ஈர்ப்பது யாது? ஓவியச் சிறப்பன்று. 1985ஆம் ஆண்டு வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட் அளவினுள் அடங்கியது. இடத்தைச் சிக்கனம் செய்தற்பொருட்டு, வானத்து மேகத்திற்கு வகுத்த உருவையே பச்சை நிறமூட்டித் தரையிற் புதராக நிறுத்தினர். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அவ்விளையாட்டினும் பன்மடங்கு பெரிது. ஆகலின் ஈர்ப்பது பொருளின் பெருமையன்று; பொருளைச் சூழ்ந்திருந்த கூட்டமே என்க. ஒரு தெருவிற்கு ஒரு யந்திரம்; ஒரு யந்திரத்திற்கு இரண்டே கைக்கருவிகள்; சூழ அமர்ந்தோர் எண்மர். ஓர் உயிர் போனால் கருவியை அடுத்தவன் கையில் கொடுத்தல் வேண்டும். முறை வருமளவும் காத்திருத்தலும், தோல்வியைப் பலர் முன்னிலையில் ஏற்றலும், மற்றவன் ஆட்டத்தைக் கண்டு மகிழ்தலும் அக்கூட்டத்தில் கற்கப்பட்டன.

அறிவும் அவ்வாறே பகிரப்பட்டது. கொனாமி கம்பெனியைச் சார்ந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986ஆம் ஆண்டில் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டு யந்திரத்திற்கு ஏற்ப அமைக்குங்கால், சோதித்துப் பார்த்தற்கு அது மிகக் கடினமாயிருத்தல் கண்டு, மேல் கீழ் இடம் வலம் என்னும் பொத்தான்களை ஒரு முறையில் அழுத்தின் வலிமை பெருகுமாறு செய்து வைத்தார். அம்முறையே 'கான்ட்ரா' ஆட்டத்தில் 30 உயிர்களை அளித்தது. நம்மூர்ச் சிறுவர் இதனை எந்நூலிலும் படித்திலர், செவிவழியாகவே பெற்றனர்.

நிற்க. நினைவு முகத்துதி செய்வதில் வல்லது. அதனை முற்றும் நம்புதல் தகாது. அவ்வாட்டங்களுட் பல, காசு போட்டு ஆடும் கடைகளுக்கென அமைக்கப்பட்டவை. ஆடுவோன் விரைவில் தோற்றாலன்றி அடுத்த காசு விழாதாகலின், கடுமையே அவற்றின் வாணிக முறையாயிற்று. மேலும் அக்கூட்டத்தில் எல்லாரும் சமமாக அமர்ந்திருந்தாரல்லர். பல இல்லங்களில் கைக்கருவி ஆண்மக்களிடையே சுழன்றது; பெண்மக்கள் முறை வருமென்று காத்திருந்து எழுந்து போயினர். டெலிவிஷன் இல்லாத வீட்டுச் சிறுவர் சன்னலுக்கு வெளியே நின்றனர். இவற்றை மறந்து அக்காலத்தைப் பொற்காலமென்பது உண்மைக்கு மாறாம்.

இனி, இவ்வேக்கத்தை வாணிகர் நன்கறிவர். 2016ஆம் ஆண்டு நின்டெண்டோ தன் பழைய யந்திரத்தின் சிறுவடிவில் 30 ஆட்டங்களை அடக்கி விற்றது. இதிற் குற்றமில்லை. ஆனால் விலைபோகும் முப்பது மீளும். விலைபோகாத ஏனையவற்றின் கதி என்னை? வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி, அமெரிக்க நாட்டில் 2010ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று விலைகொடுத்தும் பெறற்கரியன என்று காட்டியது. அவ்வாண்டு மார்ச்சு 27ஆம் நாள் நின்டெண்டோவின் இரு யந்திரங்களுக்குரிய இணையக் கடைகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. அங்கு மட்டும் கிடைத்த ஆட்டங்களை அன்று முதல் ஒருவரும் விலைக்குப் பெற இயலாது.

பொருள் இருப்பினும் போதாது. 1984ஆம் ஆண்டின் 'டக் ஹன்ட்' என்னும் வாத்துச் சுடும் ஆட்டத்தை நோக்குவோம். விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கருமையாகி, வாத்து நின்றவிடத்தில் மட்டும் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கியினுள் உள்ள ஒளியுணர் கருவி அவ்வெண்மையைக் கண்டால் வாத்து வீழும். பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷனின் வேகத்தை நம்பியே இஃது அமைந்தது. இக்காலத் தட்டைத் திரைகள் படத்தைச் சிறிது தாமதித்துக் காட்டுதலின், அத்துப்பாக்கி அவற்றின்முன் குருடாகின்றது. பழைய டெலிவிஷனைப் பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டு விற்றபோது, ஒரு விளையாட்டையும் சேர்த்தே விற்றோம்.

'சிறுவர் விளையாட்டைக் காத்து ஆவதென்ன?' என்று வினவுவாருளர். தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. ஓலைச்சுவடிகளைப் பயனற்றவையென்று ஆற்றிலும் அடுப்பிலும் இட்டாரும் இவ்வாறே எண்ணினர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றியிராவிடின் நம் நிலை என்னாம்? சிந்தாமணியையும் மாரியோவையும் ஒரு தட்டில் வைக்கின்றோமல்லேம். இழக்கும் முறை ஒன்றென்றே கூறுகின்றோம்: கையில் வைத்திருப்போர் 'இது யாருக்கு வேண்டும்' என்று கருதும் காலத்திலேதான் பொருள்கள் அழிகின்றன. ஒரு படைப்பின் ஆழம் அது பிறந்த அன்றே புலப்படுவதுமன்று. 1989ஆம் ஆண்டில் நின்டெண்டோ வெளியிட்ட 'டெட்ரிஸ்' ஆட்டத்தை, யந்திரம் தானே செயலற்று நிற்குமளவும் ஆடி வென்ற முதல் மனிதன், 2023ஆம் ஆண்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவன். அவ்வாட்டத்தின் எல்லையை மக்கள் காண 34 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஆகவே யாம் துணிவது இது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நம் நாட்டில் அச்சாகும் நூல்கள் சென்னைக் கன்னிமாரா நூல்நிலையம் முதலாய நான்கு நூல்நிலையங்களுக்கு அனுப்பப்படல் வேண்டும். விளையாட்டுக்கு அவ்விதியில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்த திருத்தம், இலாபம் கருதாத பொது நூல்நிலையங்கள் தம்மிடமுள்ள நூலைப் பாதுகாத்தற்பொருட்டு மின்வடிவில் சேமிக்க இசைகின்றது. ஆனால் மூலப்படி மின்வடிவமல்லாததாயிருத்தல் வேண்டும். காகிதத்தை நினைந்து எழுதிய இச்சொற்களுள் கேசட் அடங்காது. இக்குறை சட்டத்தாற் போக்கற்பாலது.

அதுவரை காத்திருத்தலும் வேண்டா. கல்லூரி நூல்நிலையத்தில் ஓர் அலமாரியும், பழுதின்றி இயங்கும் பழைய டெலிவிஷன் ஒன்றும் போதும். பழைய மாணாக்கர் பரணிற் கிடக்கும் யந்திரங்களை எடைக்குப் போடாது இங்கு அனுப்புக. இன்றைய மாணாக்கர் தம் பெற்றோரையும் ஆசிரியரையும் அணுகி, அவரவர் தெருவில் எவ்வாட்டத்திற்கு என்ன பெயர் வழங்கிற்று, முறை எங்ஙனம் பகிரப்பட்டது, யார் ஆடினர், யார் ஆடாது நின்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைக்க. அவ்விதிகள் எந்தக் கேசட்டிலும் இல்லை; அறிந்தார் நினைவிலேயே உள்ளன. அவர் இருக்கும்போதே கேட்டல் வேண்டும். அன்று முறை கிடையாது எழுந்து போனார் எவரேனும் இன்று வருவாராயின், முதற் கைக்கருவி அவர்க்கே உரியது.