17 வருஷம் காத்திருந்த கொடி

ஒயின் ருசி எனக்குத் தெரியாதுங்க. கொடியைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவில் மினசோட்டா பனிக்கு ஐரோப்பியத் திராட்சை பட்டுப்போகும். பிழைக்கணும்னா கொடியைச் சாய்த்து மண்ணுக்குள் மூடணும். நினைச்சாலே இடுப்பு வலிக்குது. அங்குள்ள பல்கலைக்கழகம் காட்டுத் திராட்சை ரத்தமும் கலந்து ஒரு ரகம் உருவாக்கியது. பேர் மார்க்கெட் (சந்தை இல்லீங்க, ஒரு பாதிரியார் பேர்). பினோ நுவார் அதுக்குப் பாட்டன் முறை. மைனஸ் 38 டிகிரி வரை தாங்கும். மிளகு வாசனையோட சிவப்பு ஒயின் தரும்.

மகரந்தம் சேர்த்தது 1989. விவசாயி கைக்கு வந்தது 2006. குறையும் உண்டு: சீக்கிரமே துளிர்த்துடும், அப்புறம் பனி விழுந்தா துளிர் கருகிடும். அதை மறைக்காம சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மரியாதை.

இங்கே நானும் ஒருத்தர் பேச்சை நம்பி அரை ஏக்கர் பந்தல் போட்டேன். "எந்த மண்ணுக்கும் வரும், நோயே அண்டாது"ன்னார். மூணாம் வருஷம் எல்லாத்தையும் பிடுங்கினேன். கல்லுக்கால் மட்டும் நிக்குது, கடனும் நிக்குது.

எத்தனை வருஷம் சோதிச்சீங்க, என்ன குறைன்னு கேட்காம செடி வாங்காதீங்க. குறையே இல்லைன்னா எழுந்து வந்துடுங்க. பக்கத்துத் தோட்டத்து மாமா அடுத்த வாரம் செடி வாங்கப் போறார். நானும் கூடப் போறேன்.