கணிதத்தில் சாதி வேண்டாம்

நம் விடுதியில் கணிதம் பற்றி இரு கட்சிகள் உண்டு. "பயன் கருதாத கணிதமே உயர்ந்தது" என்பது ஒன்று. "வேலைக்கு உதவாத தேற்றம் எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது என் துணிபு. அதற்குச் சான்றாக ஒரு ஜெர்மானியரின் வாழ்வைக் காட்டுவேன்.

மார்ட்டின் குரோட்ஷெல் 1948-இல் பிறந்தவர். போஹும் நகரில் கணிதத்தோடு பொருளியலையும் பயின்றவர். 1977-இல் பான் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி சிறுவனுக்கும் விளங்கும். ஒரு விற்பனையாளர் எல்லா ஊர்களுக்கும் ஒரு முறை சென்று, புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். மிகக் குறுகிய வழி எது? 120 ஊர்கள் என்றால், வழிகளின் எண்ணிக்கை 197 இலக்கம் கொண்டது! எந்தக் கணிப்பொறியும் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க இயலாது. ஆயினும் ஜெர்மனியின் 120 ஊர்களுக்கு 6,942 கிலோமீட்டர் என்று அவர் விடை கண்டார். அதனினும் குறுகிய வழி இல்லை என்றும் நிறுவினார். எவ்வாறு? வழிகளையெல்லாம் பல பரிமாணத் திண்மம் ஒன்றின் முனைகளாகக் கருதி, பொருந்தாத விடைகளைத் தளங்களால் வெட்டிக் களைந்தார். அந்த வெட்டுகளைத் தந்தது வடிவியல்.

அத்தோடு நின்றாரா? வேண்டாததை விரைந்து வெட்டத் தெரிந்தால், சிறந்ததை விரைந்து காணவும் முடியும் என்று லோவாஸ், ஸ்க்ரைவர் இருவரோடும் சேர்ந்து 1981-இல் பொதுத் தேற்றமாகவே நிறுவினார். மறு ஆண்டே ஃபுல்கர்சன் பரிசு கிடைத்தது. பயன் தேடிய வேலையே உயர்ந்த தேற்றத்துக்கு வழிகாட்டியது காண்க.

ஆக்ஸ்பர்க்கில் பேராசிரியராயிருந்து, 1991-இல் பெர்லின் சென்றார். அங்கே, உடல் ஊனமுற்றோரை வீட்டு வாசலிலிருந்து அழைத்துச் செல்லும் ‘டெலிபஸ்’ வண்டிகளுக்கு அவரும் கூட்டாளிகளும் கணிதத்தால் வழி வகுத்தனர். தேற்றம் தெருவுக்கு வந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்ததா?

2010-இல் ஐதராபாத்தில், இந்தியாவில் முதன்முறையாக, உலகக் கணித மாநாடு கூடிற்று. அப்போது சர்வதேசக் கணித ஒன்றியத்தின் செயலாளர் இவரே.

பயன் உடனே தெரியாத தேற்றத்தை நான் இகழவில்லை. அதை ஆராய்வோர் ஆராயட்டும். ஆனால், பஸ் நிலையத்திலும் நல்ல கணிதம் உண்டு என்பதைக் கணித மாணவர் உணர வேண்டும். பொறியியல் மாணவர் நிரூபண வகுப்பில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். நண்பர்களே, அடுத்த பருவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.